எஸ்விஜி வரைபடத்தில் தானியக்கச் சொடுக்கு: மையப்புள்ளி கடலில் விழுந்தால் எங்கே சொடுக்குவது?

எபென்_சோதனை

வணக்கம். எபெனில் உள்ள ஒரு நிறுவனத்தில் இணையப் பக்கங்களுக்கான தானியக்கச் சோதனைகளை எழுதும் பணியில் இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது மொரீஷியஸ் வரைபடம் இடம்பெறும் ஒரு பக்கம். ஒன்பது மாவட்டங்களில் ஒவ்வொன்றும் வெக்டர் பட வடிவமைப்பான எஸ்விஜியில் ஒரு 'பாத்' உறுப்பாக வரையப்பட்டிருக்கிறது. ரொட்ரீக்ஸ் தீவு கிழக்கே தன் உண்மையான தொலைவிலேயே தனி வடிவமாக நிற்கிறது. இரு தீவுகளையும் 'முழு நாடு' என்ற 'ஜி' குழு உறுப்பு சூழ்ந்திருக்கிறது. போர்லூயியிலிருந்து ரோஸ்ஹில், கத்ர் போர்ன் வழியாக க்யூர்பீப் வரை செல்லும் மெட்ரோ பாதை, உள் நிரப்பு இல்லாத ஒற்றைக் கோடு. கோயில்களைக் காட்டும் கோபுரச் சின்னம் ஓரிடத்தில் மட்டும் வரையறுக்கப்பட்டு, 'யூஸ்' உறுப்பின் வழியாகக் கோர் தெ கார்த் மலை முருகன் கோயில் உட்படப் பல இடங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. மாவட்டப் பெயர்கள் வடிவங்களுக்கு மேலே எழுத்து உறுப்புகளாக உள்ளன. எதைச் சொடுக்கினாலும் பக்கவாட்டில் அதற்குரிய விவரப் பலகை திறக்க வேண்டும்.

உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் 4 கொண்டு ஜாவாவில் சோதனைகளை எழுதியிருக்கிறேன். மெட்ரோ பாதையைச் சொடுக்கச் சொன்னால், சொடுக்கு இடைமறிக்கப்பட்டது என்றும், அந்தப் புள்ளியில் வேறோர் உறுப்பே சொடுக்கைப் பெறும் என்றும் பிழை வருகிறது. 'முழு நாடு' குழுவிலும் அதே பிழைதான். அதைத் தவிர்க்க, 'ஆக்‌ஷன்ஸ்' வகுப்பின் மூலம் சுட்டியை உறுப்புக்கு நகர்த்திச் சொடுக்கினால் பிழை எதுவும் வருவதில்லை, ஆனால் பலகையும் திறப்பதில்லை. கோபுரச் சின்னத்தினுள் இருக்கும் 'பாத்' உறுப்பைத் தேடிப் பிடித்தால், அதனுடன் ஊடாட இயலாது என்கிறது. உறுப்பைத் தேட உதவும் எக்ஸ்பாத்தில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு எஸ்விஜி என்று எழுதினால் எந்த உறுப்பும் கிடைப்பதில்லை. உருவாக்குநர் கருவியில் பார்த்தால் உறுப்பு கண்முன்னே இருக்கிறது.

எங்கள் பணிக்குழுவில் உள்ள ஒருவர், ஜாவாஸ்கிரிப்ட் மூலம் சொடுக்கு நிகழ்வை நேரடியாக அனுப்பிவிடலாம் என்கிறார். பயனர் செய்யாத ஒன்றைச் சோதித்துவிட்டுச் சோதனை வென்றது என்று அறிக்கை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வகைப் பக்கங்களைச் சோதித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

ரோஸ்ஹில்_நிரல்

விடை சொல்வதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த எஸ்விஜி பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது படக் குறிச்சொல் வழியாகவோ 'ஆப்ஜெக்ட்' குறிச்சொல் வழியாகவோ ஏற்றப்படுகிறதா? படமாக ஏற்றினால் அதன் உள்ளுறுப்புகளைப் பக்கத்தின் ஆவண மரத்திலிருந்து அணுகவே முடியாது. 'ஆப்ஜெக்ட்' என்றால் அது தனி ஆவணம். செலினியம் போன்ற கருவிகள் உலாவியை இயக்கும் முறையை வகுக்கும் வெப்டிரைவர் விதிமுறை, சட்டகம் மாறுவதை 'ஃபிரேம்', 'ஐஃபிரேம்' ஆகிய இரண்டுக்கு மட்டுமே அனுமதிப்பதால், அங்கே வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

---

எபென்_சோதனை

எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சோதிக்கிறோம்.

---

மோக்கா_ஆய்வு

அப்படியானால் தாங்கள் சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர் இருக்கிறது. சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த வேர் பிடிபட்டால் எந்தக் கருவிக்கு மாறினாலும் தடுமாற வேண்டியிருக்காது.

வெப்டிரைவர் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது. ஓர் உறுப்பைச் சொடுக்கு என்ற கட்டளை வந்ததும் இயக்கி என்ன செய்ய வேண்டும் என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. முதலில் உறுப்பைக் காட்சிக்குள் உருட்டிக் கொண்டுவர வேண்டும். பிறகு, உலாவி அந்த உறுப்புக்குத் தரும் செவ்வகங்களுள் முதலாவதை எடுத்து, அதில் திரைக்குள் தெரியும் பகுதியின் மையப்புள்ளியைக் கணக்கிட வேண்டும். அந்தப் புள்ளியில் மேலாக இருக்கும் உறுப்பு நாம் கேட்ட உறுப்போ அதன் உள்ளுறுப்போ ஆக இல்லாவிட்டால், சொடுக்கு இடைமறிக்கப்பட்டது என்று பிழை தர வேண்டும். பொத்தான், இணைப்பு, உள்ளீட்டுப் பெட்டி ஆகிய அனைத்தும் செவ்வகங்கள் என்பதால் அவற்றுக்கு இந்த முறை முற்றிலும் பொருந்துகிறது. எஸ்விஜி வடிவம் செவ்வகமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. செவ்வகம் அதைச் சுற்றி வரையப்படும் எல்லைப் பெட்டி மட்டுமே.

தங்கள் 'முழு நாடு' குழுவை இப்போது எண்ணிப் பாருங்கள். ரொட்ரீக்ஸ் மொரீஷியஸ் தீவிலிருந்து ஏறக்குறைய 560 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. மொரீஷியஸ் தீவின் நீளமே 65 கிலோமீட்டர் அளவுதான். இரண்டையும் சூழும் எல்லைப் பெட்டியின் மையம் இரு கரைகளிலிருந்தும் ஏறத்தாழச் சம தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நடுவே விழும். குழு உறுப்புக்கென்று சொந்தப் பரப்பு கிடையாது. அதன் பிள்ளைகள் வரையப்பட்ட இடமே அதன் பரப்பு. ஆகவே கடலில் சொடுக்கினால் பின்னணிதான் அதைப் பெறும்.

மெட்ரோ பாதையின் நிலையும் இதுவே. எஸ்விஜியில் 'பாயின்டர் ஈவென்ட்ஸ்' என்ற பண்பு எதுவும் குறிப்பிடாதபோது 'விசிபிள் பெயின்டட்' என்ற மதிப்பாகவே கொள்ளப்படுகிறது. அதாவது, வண்ணம் தீட்டப்பட்ட இடம் மட்டுமே சுட்டியை உணரும். நிரப்பு 'நன்' என்று இருந்தால் கோட்டின் தடிமன் மட்டும் உணரும். வளைவின் உட்புறம் வெறும் வெளி. போர்லூயியிலிருந்து க்யூர்பீப் வரையிலான 26 கிலோமீட்டர்ப் பாதை வளைந்து செல்வதால், அதன் எல்லைப் பெட்டியின் மையம் கோட்டின் மேல் சரியாக விழுந்தால் அது தற்செயல்தான். நிரப்பு 'டிரான்ஸ்பரன்ட்' என்று இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது தீட்டப்பட்டதாகவே கருதப்பட்டுச் சொடுக்கைப் பெறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பல வடிவமைப்பாளர்கள் அறிந்தே பயன்படுத்துகிறார்கள்.

'ஆக்‌ஷன்ஸ்' வகுப்பில் பிழை வராததற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. அது கீழ்நிலைச் சுட்டி அசைவுகளை அனுப்பும் வழி. சுட்டியை அதே மையப்புள்ளிக்குக் கொண்டு செல்கிறது, அழுத்துகிறது, விடுகிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று எந்த நிலையிலும் சரிபார்ப்பதில்லை. தங்கள் சோதனை கடலின் மேல் ஒழுங்காகச் சொடுக்கிவிட்டு வந்திருக்கிறது. பிழை தந்து நிற்கும் முதல் வழியைவிட இது ஆபத்தானது என்பேன், ஏனெனில் பலகை திறந்ததா என்ற சரிபார்ப்பை யாரேனும் எழுத மறந்திருந்தால் இந்தச் சோதனை என்றென்றும் பச்சையாகவே, அதாவது வென்றதாகவே, இருந்திருக்கும்.

'யூஸ்' உறுப்பின் கதை வேறு. வரையறைப் பகுதிக்குள் இருக்கும் மூல 'பாத்' திரையில் வரையப்படுவதே இல்லை. திரையில் தெரிவது அதன் நிழல் மரப் படிகள், அதாவது உலாவி மறைவாக உருவாக்கும் நகல்கள். ஆவணத்தில் தேடினால் மூலம்தான் கிடைக்கும், அதைச் சொடுக்க இயலாது. 'யூஸ்' உறுப்பையே பிடியுங்கள். நிகழ்வும் அதன் பெயரிலேயே வந்து சேரும். ஒவ்வொரு கோயிலுக்கும் தனி அடையாளப் பண்பு ஒன்றை 'யூஸ்' உறுப்பில் வைக்கும்படி நிரலாளர்களிடம் கேளுங்கள்.

---

ரோஸ்ஹில்_நிரல்

எக்ஸ்பாத் பற்றி மட்டும் சேர்க்கிறேன். எஸ்விஜி உறுப்புகள் தனிப் பெயர்வெளியைச் சேர்ந்தவை. எச்டிஎம்எல் ஆவணத்தில் முன்னொட்டு இல்லாத பெயரை எக்ஸ்பாத் எச்டிஎம்எல் பெயர்வெளியில் மட்டுமே தேடுவதால் ஒன்றும் கிடைப்பதில்லை. நட்சத்திரக் குறியிட்டு, சதுர அடைப்புக்குள் 'லோக்கல் நேம்' செயற்கூறின் மதிப்பு எஸ்விஜி என்று எழுதினால் கிடைக்கும். சிஎஸ்எஸ் தேர்வியில் இந்தச் சிக்கல் இல்லை, ஆகவே அதையே பயன்படுத்துவது நல்லது. இன்னொன்று: எஸ்விஜி உறுப்பின் 'கிளாஸ் நேம்' என்ற பண்பை ஜாவாஸ்கிரிப்டில் படித்தால் சரம் கிடைக்காது, ஒரு பொருள் கிடைக்கும். வகுப்பின் பெயரை ஒப்பிட 'கெட் ஆட்ரிபியூட்' அல்லது 'கிளாஸ் லிஸ்ட்' பயன்படுத்த வேண்டும்.

---

போர்லூயி_விரைவு

தங்கள் குழுவில் ஒருவர் சொன்ன வழியை இங்கே யாராவது ஆதரித்துப் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எஸ்விஜி உறுப்புக்கு எச்டிஎம்எல் உறுப்பைப் போலச் 'கிளிக்' என்ற செயற்கூறு கிடையாது. அதை அழைத்தால் பிழை வரும். ஆனால் 'மவுஸ் ஈவென்ட்' ஒன்றை உருவாக்கி, மேலெழும்பும்படி அமைத்து, 'டிஸ்பேச் ஈவென்ட்' மூலம் அனுப்பினால் உறுப்பு அதைப் பெற்றுக்கொள்கிறது. எங்கள் தொகுப்பில் நூற்றுக்கணக்கான வரைபடச் சோதனைகள் இவ்வாறே ஓடுகின்றன. திரையின் அளவு மாறினாலும், உருட்டல் மாறினாலும், எழுத்துரு மாறினாலும் அவை தடுமாறுவதில்லை.

சோதனையின் நோக்கம் என்ன என்பதே என் கேள்வி. க்யூர்பீப் நிலையத்தைச் சொடுக்கினால் க்யூர்பீப் பலகை வருகிறதா, சவான் மாவட்டத்தைச் சொடுக்கினால் சவான் விவரம் வருகிறதா என்பதே நோக்கம் என்றால், சொடுக்கு எந்த ஆயத்தொலைவில் விழுந்தது என்பது தேவையற்ற விவரம். உலாவி சுட்டியை எப்படிக் கையாள்கிறது என்பதை உலாவியை எழுதியவர்கள் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சுமையையும் நாம் தூக்க வேண்டுமா? ஒவ்வொரு வாரமும் காரணமின்றிச் சிவப்பாகும் சோதனைத் தொகுப்பை ஒருவரும் நம்புவதில்லை. நம்பிக்கை போன தொகுப்பு இருந்தும் பயனில்லை.

---

வாக்வா_உலாவி

போர்லூயி அண்ணா, தங்கள் கடைசி வாக்கியத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உலாவியின் பணியையும் பக்கத்தின் பணியையும் தாங்கள் பிரித்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. சொடுக்கு யாரைச் சென்று சேரும் என்பதை உலாவி தானாக முடிவுசெய்வதில்லை. எது எதன் மேல் வரையப்பட்டிருக்கிறது, எதற்கு நிரப்பு உண்டு, எதன் 'பாயின்டர் ஈவென்ட்ஸ்' நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பக்கத்தை எழுதியவர்கள் எடுத்த முடிவுகளை அது நிறைவேற்றுகிறது. வரைபடப் பக்கங்களில் மிகுதியாகக் குறைகள் பிறப்பது அந்த முடிவுகளில்தான். நிகழ்வை நேரடியாக அனுப்பும் சோதனை அவை அனைத்தையும் தாண்டிக் குதித்துவிடுகிறது. மாவட்டங்களின் மேல் முழுத் திரையளவு கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் ஒன்று தவறுதலாகக் கிடந்தாலும் அந்தச் சோதனை வெல்லும்.

எங்கள் பணியில் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். வரைபடங்களை வரையப் பயன்படும் டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் 'ரெய்ஸ்' என்று ஒரு செயற்கூறு உண்டு. அண்டை வடிவங்கள் எல்லைக்கோட்டை மறைக்காதிருக்க, தேர்ந்தெடுத்த வடிவத்தைப் பெற்றோர் உறுப்பின் கடைசிப் பிள்ளையாக மீண்டும் செருகுவது அதன் வேலை. ஒரு பக்கத்தில் சுட்டியை அழுத்திய கணத்திலேயே இதைச் செய்திருந்தார்கள். அழுத்துவதும் விடுவதும் ஒரே உறுப்பில் நிகழ்ந்தால்தான் உலாவி அந்த உறுப்புக்குச் சொடுக்கு நிகழ்வை உருவாக்கும். இடையில் உறுப்பு மரத்திலிருந்து எடுக்கப்பட்டு மீண்டும் செருகப்பட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகக்கூடும். பயனர்கள் முதல் சொடுக்கு வேலை செய்யவில்லை, இரண்டாவதுதான் வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். சொடுக்கு நிகழ்வை மட்டும் தனியாக அனுப்பிய சோதனைகள் அத்தனையும் பச்சையாக இருந்தன. அவற்றில் அழுத்தலும் இல்லை, விடுதலும் இல்லை. ஆகவே குறை தலைகாட்ட வாய்ப்பே இல்லை.

இதற்கு நெருங்கிய இன்னொன்று டி3யின் பெரிதாக்கும் வசதியில் இருக்கிறது. அழுத்துவதற்கும் விடுவதற்கும் இடையே சுட்டி எவ்வளவு தொலைவு வரை நகர்ந்தால் சொடுக்காகவே கொள்ளலாம் என்பதைக் 'கிளிக் டிஸ்டன்ஸ்' என்ற அளவு தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு சுழியம். அதாவது, கை ஒரு பிக்சல் அசைந்தாலும் அது இழுத்தல் என்று கொள்ளப்பட்டுச் சொடுக்கு விழுங்கப்படும். வயதானவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், பேருந்தில் மடிக்கணினியை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு அந்த வரைபடம் செத்த வரைபடம். செலினியத்தில் அழுத்து, இரண்டு பிக்சல் நகர்த்து, விடு என்று மூன்று படிகளில் ஒரு சோதனை எழுதினால் இது உடனே வெளிப்படும். ஒரு மாவட்டத்துக்காவது இந்தச் சோதனையை எழுதி வைக்க வேண்டும் என்று எபென் நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆயிரம் பலகைகளின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்க நிகழ்வை நேரடியாக அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. அதை உலாவியே இல்லாமல் கூறு நிலைச் சோதனையாக எழுதினால் இன்னும் விரைவாக ஓடும். உலாவியைத் திறந்துவைத்துக்கொண்டு உலாவியைத் தவிர்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

---

சேன்தெனி_வரைஞர்

அருகிலுள்ள ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது சைப்ரஸ் என்ற சோதனைக் கருவி. அதிலும் இயல்பாக மையத்திலேயே சொடுக்கு விழுகிறது. மேல் இடது மூலையிலிருந்து ஆயத்தொலைவு கொடுத்து வேறு இடத்தில் சொடுக்கவும் வழி உண்டு. சைப்ரஸ் அனுப்பும் நிகழ்வுகள் பக்கத்துக்குள்ளிருந்து ஜாவாஸ்கிரிப்டால் உருவாக்கப்படுபவை. ஆயினும் அழுத்தல், விடுதல், சொடுக்கு என்ற வரிசையைப் பின்பற்றுகிறது. உறுப்பு மறைந்திருக்கிறதா என்றும் பார்க்கிறது. 'ஃபோர்ஸ்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அந்தப் பார்வையைக் கைவிடுகிறது. எங்கள் குழுவில் அந்த விருப்பத்தை எழுதுபவர் அதற்கான காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்று விதித்திருக்கிறோம்.

என் வரைபடத்தில் வேறொரு வகைச் சிக்கல் இருக்கிறது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையைச் சுற்றி உயரப் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு பட்டையும் நடுவில் துளை உள்ள வளையம். நிரப்பு விதி 'ஈவன் ஆட்'. துளைக்குள் நிரப்பு இல்லாததால் அங்கே சொடுக்கு உள்பட்டைக்கே போகிறது. எல்லைப் பெட்டியின் மையத்தை விட்டுவிட்டு வடிவத்தின் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். வளையத்தின் ஈர்ப்பு மையமும் துளைக்குள்தானே இருக்கும்? இதற்கு நல்ல முறை எது?

---

மோக்கா_ஆய்வு

சேன்தெனி நண்பர் சொல்வது சரி. குழிந்த வடிவங்களிலும் துளையுள்ள வடிவங்களிலும் ஈர்ப்பு மையம் வெளியே விழக்கூடும். தென்மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் பிளாக் ரிவர் போன்ற மாவட்டத்துக்கு அதை நம்ப முடியாது. கோட்டுக்கு ஒரு முறை, பரப்புக்கு வேறு முறை வேண்டும்.

கோட்டுக்கு எளிது. எஸ்விஜியே அதற்கான கருவியைத் தருகிறது. 'கெட் டோட்டல் லெங்த்' கோட்டின் முழு நீளத்தைச் சொல்லும். 'கெட் பாயின்ட் அட் லெங்த்' தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட நீளத்தில் உள்ள புள்ளியைத் தரும். பாதி நீளத்தில் உள்ள புள்ளியைக் கேட்டால் அது கோட்டின் மேலேயே இருக்கும். ஆனால் அது எஸ்விஜியின் உள் ஆயத்தொலைவு. 'வியூ பாக்ஸ்' என்ற உள் வரைதளத்தின் அளவும் திரையில் எஸ்விஜி பிடித்திருக்கும் அளவும் வேறுபடுவதால், 'கெட் ஸ்கிரீன் சிடிஎம்' தரும் அணியால் (மேட்ரிக்ஸ்) அதை உருமாற்றித் திரைப் புள்ளியாக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டுப் பெரிதாக்கல் விகிதத்தைத் தாமாகவே பெருக்கிப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விகிதம் காக்கும் பண்பு இடையில் வெற்றிடம் சேர்க்கும்போது அந்தக் கணக்கு பிசகிவிடும். அணி இவை அனைத்தையும் உள்ளடக்கியது.

திரைப் புள்ளி கிடைத்த பிறகு 'ஆக்‌ஷன்ஸ்' வகுப்பில் திரையையே மூலமாகக் கொண்டு நகர்த்துங்கள். உறுப்பை மூலமாகக் கொண்டால் செலினியம் 4இல் விலக்கம் மையத்திலிருந்து அளக்கப்படுகிறது. செலினியம் 3க்காக எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகள் மேல் இடது மூலையிலிருந்து என்று சொல்லும். இரண்டையும் கலந்தால் சொடுக்கு பக்கத்து மாவட்டத்தில் விழும். பிளேரைட் என்ற சோதனைக் கருவியில் 'பொசிஷன்' விருப்பம் மேல் இடது மூலையிலிருந்தே அளக்கிறது. மேலும், 2018இன் விதிமுறை நகர்வுக்கு முழு எண்களையே ஏற்கிறது. ஆகவே ஒரு பிக்சல் தடிமன் உள்ள கோட்டில் முழு எண்ணாக்கும்போதே புள்ளி கோட்டை விட்டு விலகக்கூடும்.

அந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரமே தவறவிடும் அளவு மெல்லிய கோட்டை மனிதர் எப்படிப் பிடிப்பார்? 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூகேக் 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, சுட்டிக்கான இலக்கு குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, நடுத்தர நிலையில் கோருகிறது. மெட்ரோ கோட்டின் மேல் அதே வடிவில், ஒளிபுகும் வண்ணத்தில், தடிமனான இன்னொரு கோட்டை வரைந்து அதற்குச் சொடுக்கைக் கொடுப்பது பழக்கத்தில் உள்ள தீர்வு. சோதனையும் உறுதியாகும், க்யூர்பீப் செல்லும் பயணிக்கும் கை வலிக்காது.

பரப்புக்கு வருகிறேன். எல்லைப் பெட்டிக்குள் சீரான இடைவெளியில் புள்ளிகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் 'எலிமென்ட் ஃபிரம் பாயின்ட்' யாரைச் சொல்கிறது என்று கேளுங்கள். நாம் தேடும் வடிவத்தைச் சொல்லும் புள்ளிகளுள், விளிம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். வளையமோ, குழிந்த மாவட்டமோ, இரு தீவுகளின் குழுவோ, எதற்கும் இது பொருந்தும். அணிக் கணக்கும் தேவைப்படாது, ஏனெனில் எல்லாம் திரை ஆயத்தொலைவிலேயே நடக்கிறது.

---

வாக்வா_உலாவி

மோக்கா ஐயாவின் முறையை மதிக்கிறேன், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாவட்டத்தின் பத்தில் ஒன்பது பங்கு வேறொன்றால் மூடப்பட்டிருந்தாலும் இந்த முறை எஞ்சிய ஒரு மூலையைத் தேடிப் பிடித்து அங்கே சொடுக்கிவிடும். கிடைத்த இடத்தில் சொடுக்கும் சோதனை, நிகழ்வை நேரடியாக அனுப்பும் சோதனையின் குறையை வேறு வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறது. பயனர் மூலையைத் தேட மாட்டார். கண்ணில் படும் நடுப்பகுதியைத்தான் சொடுக்குவார், பெரும்பாலும் பெயர் எழுதியிருக்கும் இடத்தையே சொடுக்குவார்.

---

மோக்கா_ஆய்வு

நல்ல மறுப்பு. இப்படித் திருத்திக்கொள்ளலாம். வடிவத்தின் உட்பரப்பு எது என்பதைத் தனியாகக் கண்டறிய 'ஈஸ் பாயின்ட் இன் ஃபில்' என்ற செயற்கூறு இருக்கிறது. மேலே என்ன மூடியிருக்கிறது என்பதையோ 'பாயின்டர் ஈவென்ட்ஸ்' மதிப்பையோ அது பார்ப்பதில்லை, வடிவ கணிதத்தை மட்டும் பார்க்கிறது. உட்பரப்பில் விழும் புள்ளிகளை அதைக் கொண்டு பிரித்தெடுத்து, அவற்றுள் எத்தனை பங்கு உண்மையில் சொடுக்கைப் பெறுகின்றன என்று கணக்கிடுங்கள். அந்தப் பங்கு நாம் ஒத்துக்கொண்ட அளவுக்குக் கீழே போனால் சொடுக்குவதற்கு முன்பே சோதனை தோற்க வேண்டும். அளவு என்ன என்பதை வடிவமைப்பாளரோடு பேசி முடிவுசெய்யுங்கள். சிறிய போர்லூயிக்கும் பெரிய ஃபிளாக்குக்கும் ஒரே அளவு பொருந்தாது. இந்தச் செயற்கூறு 'பாத்', வட்டம், பலகோணம் போன்ற வடிவ உறுப்புகளில் மட்டுமே உண்டு என்பதால், குழு உறுப்புக்கு அதன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும். புள்ளியை உள் ஆயத்தொலைவில் கொடுக்க வேண்டும் என்பதால், மேலே தேவையில்லை என்று விட்ட அணி, அதன் தலைகீழ் வடிவில் இங்கே தேவைப்படும்.

---

எபென்_சோதனை

அனைவருக்கும் மிக்க நன்றி. மோக்கா ஐயா சொன்ன இரண்டு முறைகளையும், வாக்வா அக்கா சொன்ன திருத்தத்தையும் சேர்த்து ஒரு துணை வகுப்பு எழுதி ஓட்டிப் பார்த்தேன். மெட்ரோ பாதையும் 'முழு நாடு' குழுவும் இரு உலாவிகளிலும் சரியாகச் சொடுக்கப்படுகின்றன. கோபுரச் சின்னங்களுக்கு 'யூஸ்' உறுப்பில் அடையாளப் பண்பு வந்துவிட்டது.

பங்கு கணக்கிடும் சோதனை எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. போர்லூயி மாவட்டம் சிறியதாக இருப்பதால் அதன் பெயர் எழுத்து அதன் பரப்பில் பெரும்பகுதியை மூடிவிடுகிறது. எழுத்து உறுப்பு மாவட்ட வடிவத்துக்கு வெளியே தனியாக இருப்பதால், பெயரின் மேல் சொடுக்கினால் எந்தப் பலகையும் திறப்பதில்லை. கையால் சோதித்தவர்கள் பெரிய மாவட்டங்களில் பெயருக்குப் பக்கத்தில் சொடுக்கியதால் இது கண்ணில் படாமல் போயிருக்கிறது. எழுத்துக்குப் 'பாயின்டர் ஈவென்ட்ஸ்' மதிப்பை 'நன்' என்று வைத்தால் போதுமா, அல்லது எழுத்தையும் வடிவத்தையும் ஒரே குழுவாக்கிக் குழுவுக்குக் கேட்பியை (நிகழ்வைப் பிடிக்கும் நிரலை) வைக்க வேண்டுமா?

இன்னொன்று: மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் வரைபடம் அசைவோடு பெரிதாகிறது. அடுத்த சொடுக்குக்கான புள்ளியை அசைவின் நடுவே கணக்கிட்டால் தவறாகிவிடுகிறது.

---

சேன்தெனி_வரைஞர்

அசைவுக்கு: டி3யில் மாற்றத்தின் இயல்பு நேரம் 250 மில்லிநொடி. ஆனால் அந்த எண்ணை வைத்துத் தூங்கவிடும் சோதனையை எழுத வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு அசைவுச் சட்டகங்களில் எல்லைப் பெட்டி மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருங்கள். பிளேரைட் ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்பு இதைத் தானாகவே செய்கிறது, செலினியத்தில் நாமே எழுத வேண்டும். அசைவைக் குறைக்கும்படி பயனர் கேட்டிருந்தால் மதிக்கும் வகையில் பக்கம் எழுதப்பட்டிருந்தால், சோதனை உலாவியில் அந்த விருப்பத்தை இயக்கிவிடுவது இன்னும் நல்லது.

பிளேரைட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். சரியாகக் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ உள்ள நேர்கோட்டின் எல்லைப் பெட்டியில் குரோம் கோட்டின் தடிமனைச் சேர்ப்பதில்லை. உயரமோ அகலமோ சுழியமாகிவிடுவதால், கண்ணுக்குத் தெரியும் கோட்டையே தெரியவில்லை என்று பிளேரைட் காத்துக்கொண்டிருக்கும்.

---

பிளேன்வில்லெம்_அணுகல்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுத்து பற்றிய கேள்வி வந்ததால் எழுதுகிறேன், ஏனெனில் அதற்கான விடை சுட்டியோடு முடிவதில்லை.

எழுத்துக்குச் சொடுக்கை நிறுத்திவிட்டால் சுட்டி வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் தீரும். ஆனால் ஒரே குழுவாக்குவதையே பரிந்துரைக்கிறேன். வடிவத்தையும் பெயரையும் ஒரு 'ஜி' உறுப்புக்குள் வைத்து, அதற்குப் பொத்தான் என்ற பங்கையும், விசைப்பலகைக் கவனம் பெறும் 'டேப் இன்டெக்ஸ்' பண்பையும், 'ஏரியா லேபிள்' வழியாக மாவட்டத்தின் பெயரையும் கொடுங்கள். அப்போது பார்வையற்ற ஒருவரின் திரை வாசிப்பி 'போர்லூயி, பொத்தான்' என்று சொல்லும். தாவல் விசையால் அங்கே சென்று என்டர் விசையால் பலகையைத் திறக்கலாம். விசை அழுத்தத்துக்கான கேட்பியைத் தனியாக எழுத வேண்டும். உண்மையான பொத்தானுக்கு உலாவி செய்வதைப் பங்கு என்ற பண்பு மட்டும் செய்துவிடாது.

இதனால் சோதனைக்கும் பயன் உண்டு. பங்கையும் பெயரையும் கொண்டு உறுப்பைத் தேடினால், நிரலாளர் நாளை வடிவத்தை மாற்றி வரைந்தாலும் தேர்வி உடையாது. வெப்டிரைவரும் குழுவின் மையத்தில் எழுத்தைக் கண்டால் அது உள்ளுறுப்பு என்பதால் ஏற்றுக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான மாவட்டங்களுக்குச் சாதாரணச் சொடுக்குக் கட்டளையே போதும். புள்ளி தேடும் துணை வகுப்பு மெட்ரோ பாதைக்கும், முழு நாட்டுக்கும், எரிமலை வளையத்துக்கும் மட்டும் தேவைப்படும்.

சுட்டியால் திறக்கும் ஒவ்வொரு பலகைக்கும் விசைப்பலகையால் திறக்கும் சோதனை ஒன்றையும் எழுதுங்கள். அங்கே ஆயத்தொலைவு, அணி, மூடிய பரப்பு என்ற எந்தத் தொல்லையும் இல்லை.

---

போர்லூயி_விரைவு

வாக்வா அம்மா சொன்ன அழுத்து, நகர்த்து, விடு சோதனையை எங்கள் பெரிதாக்கும் வரைபடத்தில் இன்று ஓட்டினேன். குரோமில் சொடுக்கு விழுங்கப்படுகிறது. 'கிளிக் டிஸ்டன்ஸ்' எங்கும் அமைக்கப்படவில்லை. உள்ளடக்கச் சோதனைகளை நிகழ்வு அனுப்பும் முறையிலேயே வைத்திருப்பேன், அவை விரைவானவை. வரைபடத்துக்கு ஒன்றாக உண்மையான சுட்டிச் சோதனைகளைத் தனித் தொகுப்பாக எழுதத் தொடங்குகிறேன். எபென் தம்பி, அந்தத் துணை வகுப்பை இங்கே பகிர முடியுமா?

---

எபென்_சோதனை

நிறுவனத்தின் அனுமதி கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் பகிர்கிறேன் அண்ணா. போர்லூயி மாவட்டத்தையும் அதன் பெயரையும் ஒரே குழுவாக்கும் மாற்றத்தை நிரலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விசைப்பலகைச் சோதனைகளை அதற்குப் பிறகு தொடங்குகிறோம்.